கித்தேரி முடிக்காத செபமாலை

ஏட்டி அனீட்டா, இதுக்குப் பேரு செபமா? "ஜோயல் எம் பென்சிலை உடைச்சான் யேசப்பா, ஜோயல் பொய் சொல்லுதான் யேசப்பா"ன்னு தம்பி மேல கோள் மூட்டிட்டு ஆமென் போடுத. படு. பெரியம்மா ஒரு கதை சொல்லுதேன். "ம்" கொட்டணும், இல்லன்னா நிறுத்திருவேன்.

ஒரு கடக்கரையூர்ல கித்தேரின்னு ஒருத்தி இருந்தா. அப்பன் ஆத்தா கிடையாது. ஒரே தங்கச்சி, சலேத்து. அவளுக்குச் சோறூட்டினது, சடை போட்டது, கோயில்ல முதத்தடவை நன்மை வாங்குத புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தச்சது எல்லாம் கித்தேரிதான். ம்?

"ம்."

அப்புறம் சலேத்து வளந்து, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பிடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. கித்தேரிக்கு வயிறு எரிஞ்சுது. "இனி எனக்குத் தங்கச்சியே இல்ல"ன்னுட்டா.

அப்புறம் ஒரு ஐப்பசி மாசம். மழை சோ...ன்னு ஊத்துது. சாயங்காலம் கித்தேரி முழங்கால் போட்டு செபமாலை சொல்லிக்கிட்டிருக்கா. அப்போ கதவுல டொக் டொக்.

"அக்கா, நாந்தான். அவரு விட்டுட்டுப் போயிட்டாரு. வயித்துல பிள்ளை இருக்கு. கதவைத் திறக்கா."

கித்தேரி என்ன செஞ்சா தெரியுமா? "அருள் நிறைந்த மரியே"ன்னு சத்தத்தைக் கூட்டினா. மறுபடி டொக் டொக். இன்னும் கூட்டினா. செபத்துக்கு நடுவுல எந்திரிக்கக் கூடாதாம், அதான் சாக்கு. மூணாந்தடவை ஒரே ஒரு டொக். மெதுவா.

செபமாலையை முடிச்சு, சிலுவையை உதட்டுல வச்சு முத்தி பண்ணிட்டு, அப்புறம்தான் திறந்தா. வாசல்ல ஆளில்ல. அந்த மழையில அடுத்த ஊர் வரைக்கும் நடந்த சலேத்து, காய்ச்சல்ல விழுந்து, வயித்துப் பிள்ளையோட செத்தே போயிட்டா. அழாதட்டி. இந்தா, கண்ணைத் துடை. "ம்" சொல்லு.

"ம்."

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் வந்துச்சு. கித்தேரி கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனா. உள்ள பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. கதைக்கு எல்லாம் தெரியும்.

"சாமி, எந்தங்கச்சி எங்கிட்ட சொல்லாம ஓடிட்டா."

"அது அவ பாவம்லா? ஒம் பாவத்தைச் சொல்லு."

கித்தேரி எந்திரிச்சு வந்துட்டா. வீட்டுக்கு வந்தா கதவுல டொக் டொக். ஓடிப் போய்த் திறந்தா, வெறும் காத்து.

அடுத்த வருஷமும் போனா. "சாமி, அவ புருஷன் அவளை நட்டாத்துல விட்டுட்டான்."

"அது அவன் பாவம். ஒன்னோடது எங்க?"

அன்னைக்கும் எந்திரிச்சு வந்துட்டா. காதுக்குள்ள டொக் டொக்.

மூணாவது வருஷமும் போயி முழங்கால் போட்டா. அப்புறம் திடீர்னு உடைஞ்சுட்டா. "அவ தட்டினது எனக்குக் கேட்டுச்சு சாமி. குரலும் கேட்டுச்சு. கேக்காத மாதிரி மாதா பேரைக் கத்தினேன். செபத்தை வச்சே கதவை அடைச்சேன்."

சாமியார் கையை உசத்திச் சிலுவை போட்டாரு. அப்புறம், "ஆண்டவர் ஒன்னை மன்னிச்சுட்டாரு மகளே"ன்னாரு.

"அப்போ சலேத்து வருவாளா?"

"வரமாட்டா."

கித்தேரி பொத்துன்னு தரையில விழுந்து, தங்கச்சி செத்தன்னைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதா. அவ அழுது முடிக்கிற வரைக்கும் சாமியார் காத்திருந்தாரு. "இனி செபமாலை சொல்லுறப்போ கதவைத் திறந்து வை. யாரு வந்தாலும் எந்திரிச்சுப் போ. இதான் ஒனக்கு அபராதம்."

அப்புறம் கித்தேரி கதவைத் திறந்து வச்சுச் செபம் சொன்னா. பாதியில யாராவது வருவாங்க. பசிக்குதுன்னு ஒரு பிள்ளை, புருஷன் அடிச்சுட்டான்னு ஒருத்தி. எந்திரிச்சுப் போயி கஞ்சி ஊத்திட்டு வந்தா, செபமாலையை எந்த மணியில விட்டோம்னு மறந்து போயிரும். மறுபடி முதல்லயிருந்து. மறுபடி யாராவது வருவாங்க. சாகுற வரைக்கும் அவ ஒரு செபமாலையைக்கூட முழுசா முடிக்கல.

"சலேத்து வரவே இல்லையா?"

வரல கண்ணு. வாசல்ல யாரு நின்னாலும் கித்தேரி முதல்ல அவ முகமான்னுதான் பாப்பா.

கதை கரையேறிட்டு, கண்ணை மூடு. என்னட்டி முனங்குத?

"பென்சில் உடையுறதுக்கு முன்னாடி நான் ஜோயலைக் கிள்ளினேன். வெளிய தள்ளிக் கதவையும் சாத்தினேன்."

இதை யாருகிட்ட சொல்லுத, எங்கிட்டயா?

"யேசப்பாகிட்ட. நீங்களும் கேட்டுக்கோங்க... கதவைத் திறந்து வைங்க பெரியம்மா. அவன் வருவான்."

திறந்துட்டேன். வாசல்லதான் நிக்கான், தலகாணியோட. தள்ளிப் படு.