ஜன்னலோரக் கட்டிலின் கூச்சம்

"வெளிச்சம் வேண்டாத ஆஸ்பத்திரி எதுக்கு மேடம்?" என்று கேட்டார் அருளப்பன்.

கமலவேணி அவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தும் அவள்தான் குரு. கட்டடம் கட்டியே தலை நரைத்த பிறகு, கட்டடத்துக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவரும் வித்தையைப் படிக்க அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் வார்டுக்கு ஜன்னல் வைத்ததும் அவர்தான். சுவர் அகலத்துக்கு ஜன்னல். கதவுக்குப் பதில், இஷ்டப்படி திருப்பிக்கொள்ள நெட்டுக்கு நிற்கும் மரப்பலகைகள். காலை வெயில் நேராகக் கட்டில்களுக்கே வரும் என்று சொல்லியிருந்தார்.

வந்தது. நோயாளிகள் எல்லோரும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஜன்னல்ல கறுப்புத் துணி அடிச்சிடுவாங்களாம். பெரிய டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் அது வார்டா, சினிமாக் கொட்டகையா?"

"என்ன படம் போடறாங்க?"

"சிரிக்காதீங்க மேடம். எனக்கு வயிறு எரியுது."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"யாரு?"

"போர்வைக்குள்ள இருக்கிறவங்க."

"கண்ணு கூசுதாம். ஒருத்தர் பாக்கியில்லாம அதையேதான் சொல்றாங்க."

"கூசுதா? நல்ல வார்த்தை" என்றாள் கமலவேணி. செருப்பைக் கழற்றிவிட்டு வார்டுக்குள் போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் எஸ்தர் என்றொரு பெண். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தும் இன்னும் கண் திறக்காதவள். பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் சுபாவம். சற்று முன்புதான் அருளப்பன் அவள் முகத்துக்கு நேரே குனிந்து நாலு கேள்வி கேட்டிருந்தார். போர்வை இறுகியதுதான் பதில்.

கமலவேணி அவளைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்து, சுண்ணாம்பு அடித்த பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரிடம் பேசினாள்.

"இந்த கேன்டீன் இட்லியில உப்பே இல்ல."

போர்வை அசையவில்லை.

"எல்லா உப்பையும் சட்னியில கொட்டிட்டாங்க போல."

உள்ளே ஒரு சிரிப்பு கசிந்தது.

"சாம்பார் தேவலைக்கா."

"அப்படியா?" என்று சுவரைக் கேட்டாள் கமலவேணி.

"ஆனா கத்திரிக்காயைத் தேடணும்."

பேச்சு வளர்ந்தது. வாசலில் நின்ற அருளப்பன் கமலவேணியின் முதுகைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தார். கடைசியாகத் தன் ஜன்னலைப் பார்த்தார்.

ஓசைப்படாமல் போய், பலகைகளை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கட்டிலில் கிடந்த வெயில் நழுவிப்போய்ச் சுவரில் ஏறியது.

போர்வை மூக்குவரை இறங்கியது. ஒரு கண் சிமிட்டிச் சிமிட்டித் திறந்தது. பிறகு மற்றதும்.

"வெளிச்சம் போயிருச்சாம்மா?" என்று திரும்பாமலே கேட்டாள் கமலவேணி.

"இல்லக்கா, இங்கதான் இருக்கு" என்றாள் எஸ்தர். "என்னைப் பார்க்காம உக்காந்திருக்கு."