மோர்ப் பந்தலில் கேட்ட கேள்வி

கிட்ட வாங்க கண்ணுகளா, என் பக்கத்தில் உட்காருங்க. சிரிக்கத்தான் ஒரு கதை சொல்கிறேன். நடுவில் கண் கலங்கினால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீங்க.

முன்னொரு காலத்தில் ஒரு ராசா. மிளகோ முத்தோ, எதை வாங்க அவர் ரகசியமாய் ஓலை அனுப்பினாலும், பக்கத்து நாட்டு வணிகர்கள் முந்திப் போய் வாங்கிவிடுவார்கள். "ஓலை கொண்டுபோகும் மாசாணிதான் பிரித்துப் பார்த்துச் சேதியை விற்கிறான்" என்றார் அமைச்சர் விசயராயர். அவன் தலையை எடுக்கச் சொல்லிவிட்டார் ராசா.

மாசாணி, அரண்மனை விகடன் வேம்பனின் தங்கை புருஷன். வேம்பன் ஓடி வந்தான். "அரசே, ஒரு ஓலையிலும் அரக்கு முத்திரை உடையவில்லையே. பிரிக்காமலே சேதியை அறியலாம்."

அமைச்சர் சிரித்தார். "அப்படியா விகடரே? இதோ, இவன் மடியில் இருந்த ஓலை. அரசியாருக்கு வந்தது. பிரிக்காமல் சொல்லும் பார்ப்போம்."

"சொல்லாவிட்டால் உன் தலையும் போகும்" என்றார் ராசா.

வேம்பன் ஓலையைத் தொடவே இல்லை. ஒரு செம்பு மோர் வாங்கி, கட்டுண்டு நின்ற மாசாணியின் வாயில் ஊற்றினான்.

"எங்கே போயிட்டு வர்றீங்க மாப்பிள்ளை?"

"மலையடி வைத்தியர் வீட்டுக்கு, மச்சான்."

"அடிக்கடி போவீங்களோ?"

"முன்னெல்லாம் மாசம் ஒரு தடவை. இந்த மாசம் இது நாலாவது."

"வைத்தியர் சோறு போட்டாரா?"

"எப்பவும் போடுவார். இன்னைக்கு வாசல்லயே ஓலையைக் குடுத்துட்டு, என் மூஞ்சியைப் பார்க்காம உள்ளே போயிட்டார்."

வேம்பனுக்கு விளங்கிவிட்டது. சொன்னால் ஒரு வீடு இடியும். சொல்லாவிட்டால் தங்கையின் தாலி போகும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அரசியாருக்கு நோய், அரசே. தங்களிடம் மறைத்திருக்கிறார். இனி மருந்தில்லை என்று வைத்தியர் எழுதியிருக்கிறார்."

ராசா முத்திரையை உடைத்துப் படித்தார். வேம்பன் சொன்னதேதான் அதில் இருந்தது.

"மாப்பிள்ளை, இப்படி மோர் குடுத்து வேற யாரு விசாரிப்பாங்க?" என்றான் வேம்பன் மெதுவாக.

"கோட்டை வாசல் மோர்ப் பந்தல்லதான். அமைச்சரய்யா வச்ச தர்மமாச்சே. மிளகு மலைக்கா, முத்துத் துறைக்கான்னு தினமும் அன்பா கேப்பாங்க. போற ஊரைச் சொன்னா என்ன தப்புன்னு சொல்லிடுவேன்."

சேதியை வணிகருக்கு விற்றவர் யார் என்று ராசாவுக்கு விளங்கிவிட்டது; அவர் கைகாட்ட, விசயராயரைக் காவலர் பிடித்துக்கொண்டார்கள்.

"ராச்சியத்து ரகசியமெல்லாம் ஒரு செம்பு மோருக்குப் போயிருக்கிறது" என்று ராசா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. மாசாணியின் கட்டைத் தானே அவிழ்த்தார். கழுத்து மாலையைக் கழற்றி வேம்பனிடம் நீட்டினார்.

"அது இருக்கட்டும் அரசே. அரசியார் தனியாக இருக்கிறார்."

மாலையை அவன் கையில் திணித்துவிட்டு, மிதியடி போடவும் மறந்து அந்தப்புரத்துக்கு நடந்தார் ராசா.

உங்க வீட்டு விளக்கு நின்று எரியட்டும், கண்ணுகளா. யாரும் யாரிடமும் நோவை மறைக்க வேண்டாத வீடாய் அது இருக்கட்டும்.