தலைமை டாக்டருக்கு யார் மார்க் போடுவது?

தலைமை டாக்டர் அம்பலவாணனோடு மல்லுக்கட்டியே ஜெபசெல்விக்குத் தொண்டைத் தண்ணி வற்றிப்போயிற்று. சிறுநீர்ப்பையில் வளரும் கட்டியைக் குழாய் விட்டுச் சுரண்டி எடுக்கும் சர்ஜன்கள் அத்தனை பேருடைய கைத்திறனையும் சோதிக்கிற வேலை, போயும் போயும் சின்ன டாக்டரான இவள் தலையில் விழுந்திருந்தது. மற்றவர்கள் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அம்பலவாணன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களோ அதே கட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

“எனக்கு மார்க் போட என்னை விடப் பெரிய ஆளைக் கூட்டிட்டு வாம்மா. இல்லன்னா இந்தப் பேச்சை விடு,” என்றார்.

“உங்களை விடப் பெரிய ஆளுக்கு நான் எங்க சார் போவேன்? மத்தவங்களுக்காவது நீங்களே மார்க் போட்டுக் குடுங்க.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜெபசெல்வி ஆபரேஷன் வீடியோக்களைப் போட்டுக் காட்டினாள். அதில் தெரிவது சிறுநீர்ப்பையின் உட்புறம் மட்டும்தான். செய்கிறவர் முகமும் தெரியாது, கையும் தெரியாது. முதல் இரண்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மூன்றாவதில் எழுந்தே விட்டார்.

“யாரும்மா இவன்? மேலாகச் சுரண்டிட்டு வேரை அப்படியே விட்டுட்டு வர்றான். பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லிக் குடுக்காம இவனைத் தியேட்டருக்குள்ள விடாதே.”

“சரி சார்,” என்று ஜெபசெல்வி வீடியோவை நிறுத்தினாள். “நாளைக்குக் காலையில உங்க பக்கத்துல யாரை நிக்கச் சொல்லட்டும்?”