விமான இன்ஜினில் நெல் தூற்றிய கதை

மழுங்கனூர்க்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அந்த ஊரின் ஒரே கோளாறு அதுதான்.

அந்த வருஷம் ஊர் நெல் முழுக்கக் களத்தில் குவிந்து கிடந்தது. தூற்றலாம் என்றால் ஓர் இலை அசையவில்லை. மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் முளைத்துப் போகும். களத்துக்குப் பொறுப்பு ஆவுடையப்பன். அவருக்கு வயிற்றைக் கலக்கியது. மூளையைக் கலக்க அங்கே ஒன்றுமில்லை.

பழைய விமானங்களை உடைக்கிற இடத்திலிருந்து ஒரு இன்ஜினை லாரியில் ஏற்றி வந்தார். டவுன் மெக்கானிக் சூசை அதைக் களத்தில் நிறுத்தி, நாலு பெரிய ஃபேன்களை அதோடு இணைத்தான்.

“அண்ணாச்சி, இன்ஜின் ஒண்ணுதான். அது ஓடுனா நாலு ஃபேனும் சுத்தும். மண்ணெண்ணெய் ஊத்திக்கிட்டே இருங்க. இன்ஜின் மட்டும் சூடாகாம பாத்துக்கிடுங்க. சாப்பிட்டுட்டு வந்திருதேன்.”

அவன் போனதும் சபை கூடியது.

“உழைக்கது ஒருத்தன், பேர் வாங்கது நாலு பேரா?” என்றான் களத்து ஆள் சங்கிலி, இன்ஜினைப் பார்த்து.

அவன் கூட்டாளி தொப்பளான் இன்ஜினைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். “கொதிக்குது அண்ணாச்சி. பாவம்.”

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். “நமக்குப் புழுக்கமா இருந்தா என்ன செய்யுதோம்? விசிறிக்கிடுதோம். திருப்புங்கலே ஃபேனை!”

நாலு ஃபேனும் இன்ஜினைப் பார்த்துத் திரும்பின. இன்ஜின் ஃபேனைச் சுற்ற, ஃபேன் இன்ஜினுக்கு வீச, அந்த நன்றியுணர்ச்சியைப் பார்த்து ஊரே கண்கலங்கியது. நெல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

திரும்பி வந்த சூசை தலையில் அடித்துக்கொண்டான். “நெல்லுப் பக்கம் திருப்புங்கய்யா! கடைசிப் பதர் போற வரைக்கும் நிறுத்தாதீங்க!” சொன்னவன் இவர்களை ஒருதரம் பார்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். புத்திசாலி.

பதர் பறந்தது. நெல் பொன்னாக மின்னியது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு விம்மியது.

“நிறுத்திரலாமா அண்ணாச்சி?” என்று கேட்டான் தொப்பளான்.

“சங்கிலி மீசையில என்னலே?”

“பதர் ஒண்ணு ஒட்டியிருக்கு.”

“அப்ப கடைசிப் பதர் போகலை. இன்னும் வேகமா விடு.”

வேகமாக விட்டார்கள். நெல் குருவிக் கூட்டம்போல் கிளம்பி, வாய்க்காலைத் தாண்டி, பக்கத்து ஊர்க் களத்தில் போய் இறங்கியது. சங்கிலி கடமை தவறாமல் மீசையைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, களத்துக் கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்து நின்றான். மீசைப் பதரும் கூடவே நின்றது. கடைசியில் மண்ணெண்ணெய்தான் தீர்ந்தது.

காலியான களத்தில் மழை கொட்டியது. “நல்லவேளை, நெல்லு நனையலை” என்று ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார்.

மழை தூறலானதும் மூவரும் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அங்கே களத்துப் பொறுப்பாளி முத்தழகி நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். “உங்க நெல்லுதானே? அள்ளிட்டுப் போங்க” என்றாள்.

ஆவுடையப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நெல்லு யாருக்கு வேணும்? அது அடுத்த வருஷமும் விளையும். கூடவே வந்த காத்து எங்க மண்ணெண்ணெய்ல செஞ்சது. மரியாதையா அதைக் குடுத்திரு.”

முத்தழகி சிரிக்கவில்லை. மூன்று வெற்றுச் சாக்குகளை வானத்தைப் பார்த்து விரித்து, வாயைக் கட்டி, ஆளுக்கொன்றாகத் தூக்கிவிட்டாள்.

பாதி வழியில் தொப்பளான் மூச்சு வாங்கினான். “கனம் தாங்கலை அண்ணாச்சி. கொஞ்சம் அவுத்துவிடட்டா?”

“அவுத்திராதலே!” என்று ஆவுடையப்பன் அலறினார். “மழைக்காத்து உள்ள போயிட்டா, நம்ம காத்து எது, வானத்துக் காத்து எதுன்னு யாருலே பொறுக்கது?”