நில் என்னும் சொல்

மலையடிவாரத்து இலாயத்திற்கு வைத்தியர் மாசிலாமணி மாணவராக வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அங்கே குதிரைகளைப் பழக்கும் ஆசிரியை திருமங்கைக்கு முப்பது.

பன்னிரண்டு ஆண்டுகள் வைத்தியரைச் சுமந்த குதிரை இறந்துவிட்டது. புதிதாக வாங்கிய செந்நிறப் பெட்டைக் குதிரையோ, அவர் ஏறுவதற்காகச் சேணத்தின் அங்கவடியில் கால் வைத்தவுடன் நகர்ந்தது. அவருடைய வலது முழங்கால் மடங்காது. நகரும் குதிரையின்மீது தாவி ஏற அவரால் இயலாது. ஆற்றுக்கு அப்பால் மூங்கிற்பாடியில் காய்ச்சல் பரவியிருந்தது. இன்னும் நான்கைந்து நாள்களில் ஆற்றில் வெள்ளம் வந்துவிடும்.

“ஏறிக் காட்டுங்கள்” என்றார் திருமங்கை.

வைத்தியர் அங்கவடியில் இடக்காலை வைத்தார். குதிரை நகர்ந்தது. “நில்” என்றார். அது மேலும் நடந்தது. “நில், நில்” என்று நொண்டியபடியே இலாயத்தின் பாதித் தூரம் அதனுடன் சென்றார்.

“ஏன் இவளை நடக்கச் சொல்கிறீர்கள்?”

“நிற்கத்தானே சொன்னேன்?”

“இவளுக்கு அப்படிக் கேட்கவில்லையே.”

“‘நில்’ என்பது ஏவல் வினைமுற்று, அம்மா. அதில் ஐயத்திற்கு இடமே இல்லை.”

“இவள் யாரிடம் இலக்கணம் படித்தாளோ, தெரியவில்லை.”

திருமங்கை குதிரையின் கடிவாளத்தை அவிழ்த்து நிழலில் விட்டார். அது அசையாமல் நின்றது. பத்தடி தள்ளிச் சென்று மெல்ல, “நில்” என்றார்.

குதிரை நடக்கத் தொடங்கியது.

சொன்னது எந்தச் சொல் என்று வைத்தியர் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“அந்தச் சொல்லை இவளிடம் எப்போது சொல்வீர்கள்?” என்றார் திருமங்கை.

“நகரும்போது.”

“நிற்கும்போது?”

“நிற்கும்போது எதற்காகச் சொல்ல வேண்டும்?”

“நாளை வாருங்கள்.”

மறுநாள் திருமங்கை, “இன்று ஏற வேண்டா. இவள் நகர்ந்தால் வாய் திறவாமல் பழைய இடத்திற்கே அழைத்து வாருங்கள். அசையாமல் நின்றால் கழுத்தைத் தடவி, ‘நில்’ என்று சொல்லுங்கள்” என்றார்.

“நிற்கின்ற குதிரையிடமா? மிகைபடக் கூறல் குற்றமாயிற்றே.”

“குற்றந்தான். நூறு முறை செய்யுங்கள்.”

வைத்தியர் செய்தார். எழுபத்திரண்டில் எண்ணிக்கை தவறியது. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். மாலையில் களைத்து அமர்ந்தார்.

“எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அம்மா. மனிதர்களும் இப்படித்தான். சென்ற ஆண்டு மூங்கிற்பாடியில் ஒருவன் சாகும் நிலையில் கிடந்தான். அவன் மனைவியிடம், ‘அஞ்சாதே’ என்றேன். கேட்டவுடன் நிலத்தில் விழுந்து அழுதாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. இப்போது நான் அந்தச் சொல்லைச் சொன்னால், நோயாளியைப் பாயோடு தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். மருந்தைத் தொடுவதும் இல்லை.”

திருமங்கை வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், அங்கவடியில் கால் வைத்து எடுப்பதோடு பாடம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் குதிரை நின்ற பிறகே சொல் வந்தது.

நான்காம் நாள் காலையில் மலைமேல் மேகம் கறுத்திருந்தது. வைத்தியர் மருந்துப் பையைச் சேணத்தில் கட்டினார், இடக்காலை வைத்தார், ஏறினார். குதிரை நின்றது. அவர் அதன் கழுத்தைத் தடவி, “நில்” என்றார். அதன் ஒரு காது மட்டும் அசைந்தது.

“விளங்கிற்றா?” என்றார் திருமங்கை.

“குதிரை நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதுதான் விளங்கவில்லை.”

“போகும் வழியில் விளங்கட்டும். ஆறு உங்களுக்காக நிற்காது.”

வைத்தியர் கடிவாளத்தைப் பற்றினார். ஆனால் புறப்படவில்லை.

“அங்கே எல்லாரும் அஞ்சிக்கொண்டிருப்பார்கள், அம்மா. நான் போய் என்ன சொல்வது?”

“‘அஞ்சாதே’ என்றே சொல்லுங்கள்.”

“அதைக் கேட்டால்தானே ஓடுகிறார்கள்?”

திருமங்கை சேணத்தின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“அஞ்சாதவர் எவரேனும் ஒருவர் அங்கே இருப்பார், வைத்தியரே. முதலில் அவரிடம் சொல்லுங்கள்.”