வலப்பக்கத்து வரிசை

கொரியப் போரிலிருந்து திரும்பிய நாள் முதல் எலெயூத்தேரியோ மொந்தோயாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மெக்சிகோ வம்சத்துப் பிள்ளை. அவன் மார்பில் பதக்கம் குத்திய அமெரிக்கா, கலிபோர்னியாவின் லெட்டூஸ் கீரைத் தோட்டத்தில் அவன் கையில் ஒரு களைக்கொத்தைக் கொடுத்திருந்தது. காம்பு ஒரு முழம்கூட இல்லை. நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் கொத்த வேண்டும். எவன் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். காம்பைக் குட்டையாக வைத்தவன் கெட்டிக்காரன்தான்.

நீளக் காம்பு கேட்டு எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்தால் காரியம் முடிந்தது என்று நம்பினான். திங்கட்கிழமை வயல் நடுவில் நின்று, பட்டாளக் குரலில் எழுந்திருக்கச் சொன்னான். செவிடன் காதில் ஊதிய சங்கு. நாற்பது முதுகில் ஒன்றும் நிமிரவில்லை. நாளைக்கும் இப்படித் தனியாக நின்றால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனான்.

மாலையில் எலெயூத்தேரியோ ஹெர்லிந்தாவைத் தேடிப் போனான். அவனைவிட ஆறு வயது சின்னவள். தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்ப்பவள், கூலிக்காரர் குடியிருப்பில் எழுதப் படிக்கக் கற்றுத் தருபவள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். சங்க வேலையை அவனும் அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தான். அவள் தட்டில் பீன்ஸ் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவனோ காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன் போல நடந்துகொண்டே இருந்தான்.

"அங்க நான் எழுந்திருன்னா முப்பத்தெட்டு பேர் மலையேறினாங்க டீச்சர். இங்க ஏன் ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க?"

இவர்களுக்கு முதுகெலும்பே இல்லை என்றான். வலப்பக்கத்து வரிசைக்காரி அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவன் விட்டுப்போகிற களையைத் தினமும் கொத்திக் கொடுக்கிறவள். அந்தக் கரிசனத்துக்கு மட்டும் குறைச்சலில்லை என்று முணுமுணுத்தான்.

"மலையிலிருந்து எத்தனை பேர் இறங்கினாங்க?"

அவன் நடை நின்றது. "ஒன்பது."

"வராதவங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னான். ஒரு பேரும் மறக்கவில்லை. தூக்கத்திலும் அவனுக்கு அதே பட்டியல்தான். கடைசிப் பேர் தெஹேதா. ஹெர்லிந்தாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அந்தத் தம்பிக்கு எந்த ஊரு?"

கேட்டதில்லை என்றான். தெஹேதா படையில் வந்து சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அந்தப் பத்து நாள்ல ஒரு கடிதம் போட்டிருந்தான். அவங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிச்சேன். எங்க சார்ஜென்ட் மொந்தோயா எழுந்திருன்னு சொன்னா யோசிக்காம எழுந்திருக்கலாம்னு எழுதியிருந்தான்."

அவன் உட்கார்ந்தான். அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டான்.

"நீங்க வேலைக்கு வந்த அன்னிக்கே வரிசை மாத்திக்கிட்டாங்க. உங்க வலப்பக்கம்தான். என்னிக்காவது பேர் கேப்பீங்கன்னு காத்துக்கிட்டிருக்காங்க."