தட்டுப்படாத கருப்பை

முத்தழகு பசுவின் உள்ளிருந்து கையை உருவினான். தோள்வரை போட்டிருந்த உறையைக் கழற்றி வாளியில் எறிந்துவிட்டுச் சீட்டில் எழுதினான்: சினை இல்லை.

கால்நடை மருத்துவத்தில் கடைசி வருடம். ஆசிரியை பக்கத்தில் நிற்காமல் அவன் பார்த்த முதல் மாடு அது.

மாட்டுக்காரி ருக்குமணி சீட்டை வாங்கினாள். படிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்களா தம்பி?"

"இல்லைங்க."

"மூணு தடவை சினை ஊசி போட்டாச்சு. இனி எத்தனை நாளைக்குக் கட்டி வெச்சுத் தீனி போடறது?" ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்ற வேனைக் காட்டினாள். "இல்லைன்னா இப்பவே ஏத்திக்கறேன்னு அடிமாட்டு யாவாரி கூடவே வந்துட்டாருங்க."

அடுத்த கொட்டிலிலிருந்து வந்த ஆசிரியை ஜெயசீலி சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"கைக்கு என்ன தட்டுப்பட்டது?"

"ஒண்ணும் இல்லை மேடம்."

"கருப்பை?"

"அதுவும் தட்டுப்படலை."

"கருப்பையே இல்லாத மாடா?"

"போன வருஷம் சித்திரையில கன்னு போட்டுதுங்களே!" என்றாள் ருக்குமணி.

முத்தழகுக்குக் காது சுட்டது.

ஜெயசீலி சிரிக்கவில்லை. "காலியா இருந்தா இடுப்பெலும்பு மேலயே கிடக்கும். உள்ளங்கைக்குள்ள அடங்கும். எங்கே போச்சு?"

"கீழே இறங்கியிருக்கணும்."

"எதுக்கு இறங்கும்?"

"கன்னு கனத்தா..." அவன் புது உறை ஒன்றை எடுத்து மாட்டினான்.

"கருப்பையைத் தேடாதே. பக்கச் சுவரோட போ. அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாயைப் பிடி."

"பிடிச்சிட்டேன். ஒண்ணும் தெரியலை மேடம்."

"கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சா எப்படித் தெரியும்? விரலைச் சும்மா வை."

தளர்த்தினான். பசு ஒரு கால் மாற்றி நின்றது. அவன் காத்திருந்தான். பிறகு, ரப்பர் குழாய்க்குள் தண்ணீர் விரைந்தோடுவதுபோல விரல் நுனியில் ஓர் அதிர்வு. விட்டு விட்டு அல்ல, ஓயாமல்.

"ஓடுது மேடம்! ஓடுது!"

ஜெயசீலியும் கைவிட்டுப் பார்த்தார். "நாலு மாசச் சினை."

"தை மாச ஊசி!" ருக்குமணி பசுவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறமும் ஒருக்கா பருவத்துக்குக் கத்துச்சுங்க. சினை நிக்கலைன்னே நெனச்சுப்போட்டேன்." அங்கிருந்தே கேட்டைப் பார்த்துக் கூவினாள்: "யாவாரீ, வண்டியைத் திருப்பு! என் மாடு எங்கயும் வரலை!"

வேன் காலியாகப் போனது. முத்தழகு குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினான். சீட்டு ஜெயசீலியிடம் இருந்தது.

"மேடம், இனிமே எந்த தைரியத்துல நான் 'இல்லை'ன்னு எழுதறது?"

அவர் சீட்டையும் பேனாவையும் அவனிடம் நீட்டினார்.

"காலிக் கருப்பையும் கைக்குத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டா மட்டும் 'இல்லை'ன்னு எழுது."